லின்னின் அம்மாவின் மச்சம்

நவம்பர் 14, டோர்ட்மண்ட்.

இன்று ஒரு சீனத் தாயின் முகத்தை வெள்ளையாக்கிவிட்டேன்.

நாளை மாலை சீனப் புகைப்படக் கலைஞர் லின்னின் கண்காட்சி. ஜெர்மனியில் அவளுக்கு இது முதல் தடவை. பன்னிரண்டு படங்களையும் அச்சிட்டது நான். வருடக்கணக்காக எங்கள் தமிழ் ஆட்களின் கலியாணப் படங்களை அச்சிட்டுப் பழகிய கை, கேளாமலே முகத்தைத் துலக்கிவிடும். லின்னின் அம்மா சீனாவின் சுரங்க நகரத்துக் கரிப்புகைக்குள் நிற்கிற படத்திலும் அதைத்தான் செய்திருக்கிறது. புகை போய்விட்டது, கன்னத்து மச்சமும் போய்விட்டது. சுவரில் மாட்டிய பிறகே கண்டேன்.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஒளிக்காதேங்கோ. அவவிட்டச் சொல்லிப்போடுங்கோ," என்றாள்.

சொன்னேன். லின் படத்துக்குக் கிட்டப் போய், மச்சம் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இனி இந்தக் கண்காட்சி மண்டபத்துக்காரர் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சிரித்தாள். பெயர் எடுப்பதற்கு முன் அவளும் ஊரில் கலியாண ஸ்டூடியோவில்தான் இருந்தாளாம். நாள் முழுக்க மணப்பெண்களின் மச்சத்தை அழிக்கிற வேலையாம். "மச்சத்தோடும் புகையோடும் இன்னொன்று அடித்துத் தாருங்கள்," என்றாள் ஜெர்மனில்.

ஆறு மணிக்குள் புதியதை மாட்டிவிட்டோம். பழையதைக் கிழிக்கப் போனேன். லின் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அதைச் சுருட்டித் தாருங்கள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் என் படங்களில் அவருக்குப் பிடிக்கப்போவது இது ஒன்றுதான்."