மச்சான், இப்போது யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை

என் உயிரான மச்சானுக்கு, உங்கள் ஜமீலா ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

கபுரில் நீங்கள் நிம்மதியாக உறங்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். ஆனால் உப்பளம் ஏரியாவில் நம் ஏசி ரிப்பேர் கடையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உங்களுக்கு உறக்கம் வருமா? அதற்குத்தான் இந்தக் கடிதம். நல்ல செய்திதான், பயப்படாதீர்கள். நடுவில் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது போனை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் அப்போதே திட்டியிருப்பேன்.

நீங்கள் போன மறுவாரம் என் பெரியண்ணன் வந்தார். நான் இத்தாவில் இருந்தேன். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. வெளியே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நம் கடைக்கு வருஷத்துச் சோறு அந்த நான்கு மாதத்தில்தான்.

"ஊட்டுக்குள்ள உக்காந்துக்கினு ஏசி கடைய எப்படிம்மா நடத்துவ? மெக்கானிக் பசங்க ஆறு பேரும் பாய் மொகத்துக்காக இருந்தவனுங்க. கோடை முடியறதுக்குள்ள ஒவ்வொருத்தனா கழண்டுக்குவானுங்க. இப்பவே வித்துடு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

"இத்தா முடியட்டும்ணே. அதுக்குள்ள ஆறு பேர்ல ஒருத்தன் போனாலும் நானே வித்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏசியில் எனக்கு என்ன தெரியும்? ரிமோட்டில் பச்சைப் பொத்தானை அழுத்தத் தெரியும்.

உங்கள் போன் என்னிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் மூன்று பேருக்குப் பதில் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நான்காவது அழைப்பை நான் எடுத்தேன். அதன் பிறகு வந்ததையெல்லாம் நானேதான் எடுத்தேன்.

கடையை மறுபடி திறந்த முதல் நாளே முருகன் கூப்பிட்டான். பன்னிரண்டு வருஷமாக நம்மிடம் இருப்பவன், ஆறு பேரில் மூத்தவன். கதிர்காமத்தில் ஒரு வீட்டிலிருந்து பேசினான். "அக்கா, மிஷின் ஓடுது, கூலிங் வரல. என்னா செய்யட்டும்?"

"நீ என்னா நெனைக்கிற முருகா?"

"தெரியலக்கா. பாய்தான் சொல்லுவாரு" என்றான்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "பன்னண்டு வருசமா ஸ்பேனர் புடிக்கிற ஒனக்குத் தெரியலன்னா, சமையக்கட்டுல நிக்கிற எனக்கா தெரியும்? தொறந்து பாத்துட்டு நீயே சொல்லு" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு, போச்சு, இவன்தான் முதலில் கிளம்பப் போகிறான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டான். "அக்கா, ஃபில்டர் பூரா அடைச்சிக்கினு உள்ள கூலிங் காயிலு மேல ஐஸ் கட்டிக்கினு இருந்துச்சு. கிளீன் பண்ணிட்டேன். இப்ப ஜில்லுனு வருது." அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. சின்ன வேலைதானாம். இருந்தாலும் அதைக் கண்டுபிடித்தவன் அவன்.

இங்கேதான் உங்களைத் திட்ட வேண்டும், மச்சான். நீங்கள் பெரிய கெட்டிக்காரர். போனில் மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வீர்கள். நானும் அதைத் தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைகள் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள் என்று நம் இரண்டு பேருக்கும் ஏன் தோன்றவே இல்லை? உங்களுக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்திருந்தாலும் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாததால் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். நீ என்ன நினைக்கிறாய்?

எல்லாம் நல்லபடியாகவே போனது என்று சொல்ல மாட்டேன். கத்திரி வெயிலில் சேகர் ஒரு ஓட்டலில் தப்புச் செய்துவிட்டான். சில நூறு ரூபாய் கெப்பாசிட்டரை மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலை. பல ஆயிரம் ரூபாய் கம்ப்ரஸரே போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாட்டிவிட்டான். விஷயம் தெரிந்து ஓட்டல்காரர் போனில் என்னைக் கிழித்துவிட்டார். பெரியண்ணன் காதுக்கும் போனது. "இனிமே ஒன்னக் கேக்காம எதையும் தொடக் கூடாதுன்னு அவனுங்ககிட்ட சொல்லிடு" என்றார்.

போனில் அப்படியே எழுதினேன், மச்சான். ஆறு பேருக்கும் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து சேகர் கூப்பிட்டான். "அக்கா, நான் வேலய விட்டு நின்னுக்கறேன். பாய் இருந்தா இப்படி ஆயிருக்காது."

இத்தா முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவன் போனால் கடையும் போகும். கெஞ்சலாமா என்று பார்த்தேன். வாயில் வேறு வந்தது. "பாய் வரமாட்டாரு சேகரு. நானும் வெளிய வர முடியாது. நீயே போயி, நாந்தான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிட்டு, கம்ப்ரஸருக்கு வாங்குன காசத் திருப்பிக் குடு. அதுக்கப்பறமும் நிக்கணும்னா நின்னுக்க."

"அசிங்கமா இருக்குக்கா."

"இருக்கட்டும்."

போனான். ஓட்டல்காரர் அரை மணி நேரம் திட்டினாராம். திட்டி முடித்துவிட்டு, பக்கத்து ரூம் ஏசியையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாராம். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் கடைக்கு வந்தவன் சேகர்தான். எழுதி வைத்ததை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக முருகன் ஒரு ஏற்பாடு செய்தான். கம்ப்ரஸர் போச்சு என்று யார் சொல்வதானாலும் மற்ற ஐந்து பேரில் ஒருவனை நேரில் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டு அவன் அதைச் செய்யவில்லை.

காலாப்பட்டில் ஒரு தனியார் விடுதி. எண்பது ஏசியையும் கழற்றி சர்வீஸ் செய்து மாட்ட வேண்டும். போன வருஷம் வந்த வேலைதான். நான் ஒருத்தன் எத்தனை இடத்தில் நிற்பது என்று நீங்கள் வேண்டாம் என்றீர்கள். இந்த வருஷமும் கேட்டார்கள். முருகனும் சேகரும் போய்ப் பார்த்து, எத்தனை நாள், யார் யார் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். செய்யலாமா என்று அவர்கள் கேட்கவில்லை. "செய்யறோம்க்கா" என்றார்கள்.

இத்தா முடிந்த மூன்றாம் நாள் நான் அங்கே போனேன். ஆறு பேரும் இருந்தார்கள், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் இருந்தார்கள். நான் வந்ததும் வேலையை விட்டு ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். ஒருவனும் திரும்பவில்லை. மேலே அவுட்டோர் யூனிட்டைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்த சேகர், "அக்கா, கீழ நிக்காதீங்க, அந்தாண்ட போங்க!" என்று கத்தினான். ஓரமாகப் போய் நின்றேன்.

மாலை வரை நின்றேன். அவர்களுக்குள் சண்டை போட்டார்கள், கேட்டுக்கொண்டார்கள், சரி செய்தார்கள். பாய் இருந்தால் என்று ஒருவன் வாயிலும் வரவில்லை. உங்களை மறந்துவிட்டார்களே என்று பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், மச்சான்? அழுதிருப்பீர்களா, சந்தோஷப்பட்டிருப்பீர்களா?

பெரியண்ணன் இப்போது விற்கும் பேச்சை எடுப்பதில்லை. காலாப்பட்டில் ஒரு சின்னக் கடை பார்த்திருக்கிறோம். அது முருகன் பொறுப்பு. அங்கே யாரைச் சேர்ப்பது என்பதையும் அவனே முடிவு செய்வான். எனக்குப் பயம்தான். ஆனாலும் அவனிடம் விட்டுவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் கடையை மூட விடமாட்டேன். நானும் ஒருநாள் உங்கள் பக்கத்தில் வந்து படுப்பேன். அன்றைக்கு மய்யித்தை எடுத்து அடக்கிவிட்டு, மறுநாள் காலை அவர்கள் கடையைத் திறந்து வேலைக்குக் கிளம்ப வேண்டும். என்ன செய்வது என்று கேட்க யாருடைய போனையும் அவர்கள் தேடக் கூடாது. அதுவரைக்கும் நான் ஓயமாட்டேன்.

உங்கள் பெண்சாதி, எட்டுப் பேருக்கு அக்கா,
ஜமீலா