அனுப்பாத காலிக் கட்டம்

மாசி 3, சனி
வெயில் இப்பவே சுள்ளென்று. ஏரித் தண்ணீர் யாருக்கு எந்தத் தேதி என்று முறை காட்ட நான் செய்துகொடுத்த ஆப் எல்லார் போனிலும் திணறுகிறதாம், பாசன சங்கத்தில் புலம்பல். ஒரு வரி சேர்த்தேன்: தேதி இல்லாமல் காலியான கட்டங்களைப் போனுக்கு அனுப்பாதே. பறக்கிறது. எனக்கே பெருமை.
வாங்க: தயிர், கொசுவத்தி. கரண்ட் பில் கட்ட.

மாசி 6, செவ்வாய்
காலையில் பனி.
விடியும்போது வாய்க்கால் மடையில் சித்தப்பாவும் மேலத்தெரு குமாரும். ரெண்டு பேர் போனிலும் இன்றைய முறை அவரவர் பெயரில். "இன்னாடா, என் தண்ணிய திருப்புற?" என்றாராம் சித்தப்பா. குமார் சட்டையைப் பிடித்தானாம். சித்தப்பா கையிலிருந்த மண்வெட்டி இறங்கிவிட்டது. குமாருக்கு வலது கையில் ரெண்டு விரல் போச்சு. சேற்றில் தேடினார்கள், ஒன்றுதான் கிடைத்தது.
மதியம் அவன் மச்சான்கள் நாலு பேர். சித்தப்பாவின் மோட்டாரை நொறுக்கி, அவர் பல்லையும் உடைத்து, "தண்ணி திருடன்" என்று தெருவில் இழுத்தார்கள். போலீஸ் வந்து சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனது.

மாசி 7, புதன்
மேகமூட்டம். சங்கச் செயலாளரைக் கேட்டேன். "ஒங்க சித்தப்பா ஏற்கெனவே ரெண்டு தபா பாய்ச்சிட்டாரும்மா. ஞாயித்துக்கெழமயே அவரு தேதிய அழிச்சிட்டு குமாருக்குப் போட்டேன்."
அழித்தார். கட்டம் காலி. காலி என்றால் அனுப்பாதே, என் வரி. ஒன்றும் வராததால் சித்தப்பா போன் பழைய தேதியையே காட்டியிருக்கிறது. அவர் திருடவில்லை. நான்தான். பாவி.
வரியை எடுத்துவிட்டேன். விரல் முளைக்குமா?
அப்பாவிடம் சொன்னேன். "வாயத் தொறந்த, வெட்டிப் போட்ருவேன். வூட்டக் கொளுத்திடுவானுங்கடி." உள்ளே கிடப்பது அவர் சொந்தத் தம்பி! சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தேன்.

மாசி 8, வியாழன்
ஆஸ்பத்திரி. குமார் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அறைந்தாள். ரெண்டாவது அறையில் கம்மல் தெறித்தது. தடுக்கவில்லை. கட்டிலில் இருந்து குமார்: "மொற இல்லன்னா இல்லன்னு காட்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?"
போலீசில் எழுதித் தருகிறேன் என்றேன். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாசி 9, வெள்ளி
தூறல். போலீசுக்கு ரெண்டு பக்கம் எழுதி மடித்துப் பையில் வைத்தாயிற்று. வாசலில் அப்பா, கையில் அரிவாள். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.
செருப்பு போட்டுவிட்டேன்.