கையில் தூக்கிப்போன ஷூ

அடியே ஓட்டக்காரி,

சர்க்கரை, நொறுக்குத்தீனி, படுக்கையில செல்போன், எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டுட்டு விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஓடணும்னு ஆரம்பிச்சது நீதான். ஒரே வாரத்துல "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுடி"ன்னு கைகழுவினதும் நீதான். எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. அன்னைக்கே கேன்டீன்ல கேக் வாங்கிக் கொண்டாடினோம். வயிறு சரியில்லைன்னு உன் துண்டை என் பக்கம் தள்ளின. ரெண்டையும் நானே தின்னேன்.

அப்புறம் தினமும் நீ ஷூவைக் கையில தூக்கிக்கிட்டு, கதவை மெதுவா சாத்திட்டுப் போறதைப் போர்வைக்குள்ள இருந்து பார்த்தேன். லைப்ரரிக்குப் போறா, என் தூக்கம் கெடக் கூடாதுன்னு எவ்வளவு பாசம்னு உருகிப்போனேன். என் புத்தியைச் சொல்லணும்.

இன்னைக்கு மாடி ரூம்காரி தைலம் கொண்டுவந்து நீட்டினா.

"முட்டி வலி குறைஞ்சுதா? அதனாலதான் நீ எங்ககூட ஓட வர்றதில்லைன்னு உன் ரூம்மேட் சொன்னா."

உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை. நொண்டிக்கிட்டே போய் வாங்கிக்கிட்டேன்.

தைலம் உன் மேஜை மேல இருக்கு. என் முட்டிக்கு ஒன்னும் இல்லைடி.

நாளைக்குக் கதவைச் சத்தமாவே சாத்து.

இப்படிக்கு,
பக்கத்துக் கட்டில்