உனக்கு எந்த மீன் பிடிக்கும், தேனு அக்கா?

என் தேனு அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்து, இன்று உனக்குப் படையல் போட்டோம். என்ன மீன் வைப்பது என்கிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீங்கதான் சித்தி அம்மாகூடவே கெடந்தீங்க, ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் உன் மகள் கனகா. யாரிடம் எதைக் கேட்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா, நீயே சொல்லு!

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, பட்டினச்சேரியிலிருந்து ஒன்றாகவே மீன் விற்கப் போன இத்தனை வருஷத்தில் நான் எதையாவது முடிவு பண்ணியிருக்கிறேனா? ஏலத்தில் எந்த மீன் கூறு எடுப்பது, எந்தத் தெருவுக்குப் போவது, தீபாவளிக்கு எனக்கு என்ன புடவை, எல்லாம் நீதான். "பத்தாவது படிச்ச மேதை, வாயப் பொளந்துகிட்டு நிக்காதடி, ஏறு" என்பாய். நானும் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இப்போது டீயா காபியா என்று கடைக்காரர் கேட்டாலே இரண்டும் வேண்டாமென்று வந்துவிடுகிறேன். காலையில் இரண்டு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கடைசியில் நேற்று கட்டியதையே சுற்றிக்கொண்டு ஓடுகிறேன். குழம்பா வறுவலா என்று யோசிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. உன் கொழுந்தனார் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்றுவிட்டுப் போகிறார். திட்டினாலாவது தேவலை.

போன மாதம் நடந்த கூத்தைக் கேள். தலத்தெருவா, சுரக்குடியா என்று காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வருகிறது, போகிறது, நான் நிற்கிறேன். ஐஸ் உருகிக் கூடையிலிருந்து காலில் சொட்ட ஆரம்பித்ததும் பயந்துபோய், எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். சுரக்குடியில் இறங்கிக் கூவினால் ஒரு கதவும் திறக்கவில்லை. சனிக்கிழமை அக்கா! திருநள்ளாறு பக்கம் சனிக்கிழமை மீன் கொண்டுபோன முதல் மீன்காரி நானாகத்தான் இருப்பேன். வழக்கமாக வாங்கும் மாடிவீட்டம்மா வாசலுக்கு வந்து, "ஏம்மா, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்தக்கா இருந்தா இப்புடி நடக்குமா?" என்று கேட்டார்கள். திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

இந்த லட்சணத்தில்தான் இன்று காலை உன் படையலுக்கு மீன் எடுக்கக் கரைக்குப் போனேன். கனகா கொடுவா என்றாள். உன் மகன் வாவல் என்றான். இரண்டுமே வந்திருந்தன, இரண்டுமே நல்ல மீன். ஏலக்காரர் என் முகத்தையே பார்த்தார். "என்னம்மா, கேக்குறியா, வுட்றட்டுமா?"

கொடுவாவை எடுத்து, உனக்கு வாவல்தான் பிடிக்கும் என்றிருந்தால்? அப்போதுதான் அக்கா, எனக்கு உறைத்தது. நீ ஒரு மீனை ஆசைப்பட்டுத் தின்று நான் பார்த்ததே இல்லை. கூடையில் விற்காமல் கிடந்தது எதுவோ, அதுதான் உன் குழம்பு. சங்கரா மிஞ்சினால் சங்கரா, காரப்பொடி மீன் மிஞ்சினால் காரப்பொடி. நல்லா இருக்கு என்றும் சொல்லமாட்டாய், இல்லை என்றும் சொல்லமாட்டாய்.

நான் நின்ற நேரத்தில் இரண்டும் கைமாறிவிட்டன. கிடைத்தது மத்தி. அதைத்தான் குழம்பு வைத்து, இலை போட்டு, உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். கனகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு வருசத்துல ஒரு நாளு. அதுக்கும் மத்தியா சித்தி?"

உன் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, அக்காவுக்கு என்ன மீனு புடிக்கும்?"

கடலில் எந்த இடத்தில் எந்த மீன் கிடக்கும் என்று சொல்லக்கூடிய மனுஷன். "தெரியலியே செல்வி. நான் கேட்டதேயில்லையே" என்றார். அப்புறம் எழுந்து படகுப் பக்கம் போனவர், சாப்பிடவும் வரவில்லை.

எங்கள் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்து எடுத்தவளே, உனக்கென்று ஒன்றை எடுத்தாயா? ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லக்கூடாதா பாவி? ஒருவேளை மத்தியேதானோ?

இது இனிமேல் தெரியவராது அக்கா. எனக்கும் புத்தி திரும்பப் போவதில்லை. அடுத்த வருஷமும் இப்படித்தான் கரையில் பேய்முழி முழித்துக்கொண்டு நிற்பேன். ஆனாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு வருஷம் கொடுவா, ஒரு வருஷம் வாவல், ஒரு வருஷம் சங்கரா என்று, என் உயிர் இருக்கிறவரைக்கும் வேறு வேறாக வைத்துக்கொண்டே வருவேன். ஏதோ ஒரு வருஷம் சரியாக அமைந்துவிடும். எந்த வருஷம் என்றுதான் எனக்குத் தெரியாது.

உன் ஓரகத்தி, ஊராரிடம் நீ சொன்னபடி உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்வி