ஆஸ்விக் தீவில் ஆறு மணி நேரம்

ஆகஸ்ட் 27, செவ்வாய்

செப்டம்பர் நடுவில் நெவிலிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். அக்டோபர் ஒன்றாம் தேதி டைன்மத்தில் எனக்கு ஒரு மாடி வீடு கிடைக்கிறது. இரண்டு அறை, தனியாள் இருக்கப் போதும். கையெழுத்துப் போட்டாயிற்று.

முப்பத்தொரு வருஷக் கல்யாணம் முடிந்தது என்பதை இந்த வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. இங்கே பேச்சு கனத்தால் எங்களில் ஒருவர் எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்போம். திரும்பி வரும்போது தேநீர் சூடாக இருக்கும், பேச்சு ஆறிப்போயிருக்கும்.

அதனால் கடற்கரையோரம் மூன்று நாள், வடக்கே நார்த்தம்பர்லாந்துப் பக்கம். நல்ல பப் இருக்கிற ஊராகப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்காக இல்லை. பப்பில் நாலு பேர் நடுவில் எங்கள் இங்கிலீஷ்காரர்கள் குரலை உயர்த்த மாட்டார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

கடற்கரைப் பயணப் பேச்சை நெவிலிடம் எடுத்தேன்.

"போகலாமே. எங்க?"

"எங்கன்னாலும் சரி. உனக்கு?"

"எனக்கும் எங்கன்னாலும் சரிதான்."

எதற்காக அவனைப் பிரிந்து போகிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த நாலு வரியைக் காட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 31, சனி

நெவில் ரயில்வேயில் முப்பத்துநாலு வருஷம் கால அட்டவணை போட்டவன். ஓய்வு பெற்ற பிறகு அட்டவணை போட ரயில்தான் இல்லை. இப்போது ஓட்டல் கிடைத்துவிட்டது. பெரிய தாளில் ஆறு ஓட்டல்கள்: காலை உணவு, மாடிப்படி, பப்புக்கு எத்தனை நிமிட நடை. ஒன்றுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டான்.

"ஜன்னல்ல கடல் தெரியுது. ஆனா நடுவுல குப்பைத்தொட்டி நிக்குது."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"கட்டில்ல ஜன்னல் பக்கம் உனக்கு வேணுமா?" என்று வேறு கேட்டான். எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

என் அக்கா ஹேசல் போன் செய்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"ஆட்டுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறியாக்கும்? சமையக்கட்டுலயே சொல்லித் தொலையேன்டி!"

நான் செய்வது கோழைத்தனம்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லையே.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஓட்டல் பதிவாகிவிட்டது. குப்பைத்தொட்டி இல்லாதது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஓட்டல் நன்றாக இருக்கிறது. எரிச்சல் வருகிற அளவுக்கு நன்றாக இருக்கிறது. மதியம் மணல்மேடு வழியாக இடிந்த கோட்டை வரை நடந்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு நண்டு. பெரிய கொடுக்கை உடைத்து என் தட்டில் வைத்தான்.

சொல்லவில்லை. பரிமாறும் பெண் மூன்று தடவை வந்து "எல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டாள். மூன்று தடவையும் இரண்டு பேரும் சேர்ந்து "ரொம்ப நல்லாருக்கு" என்றோம்.

செப்டம்பர் 14, சனி

மழை. சொல்லவில்லை. நாளை ஆஸ்விக் தீவு, அங்கே பப்பில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவல். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆஸ்விக்கிற்குப் போகும் சாலை கடலுக்குள்ளே கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் காரில் போகலாம், ஏறினால் ஆறு மணி நேரம் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. ஓட்டலில் நேரம் அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். நெவில் பார்த்துவிட்டு, அஞ்சரை வரை பயமில்லை என்றான்.

சாப்பாடு முடிந்து ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாலை முனைக்கு வந்தோம். சாலையைக் காணோம். தண்ணீர்.

பப்புக்கே திரும்பினோம். பப்பை நடத்தும் டோரீன் அட்டையைப் பார்த்ததுமே சிரித்தாள்.

"ரெண்டு தடவை கூட்டிட்டீங்க கண்ணு. நாலரைக்கே மூடியாச்சு. இனி பத்தரைக்குத்தான்."

மீனவர்களின் பழைய ஓத நேரப் புத்தகத்தில் குளிர்கால நேரம்தான் இருக்கும், கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அட்டையில் அதைக் கூட்டியே அச்சடித்திருக்கிறார்கள். நெவில் மேலே இன்னொரு மணி நேரம் கூட்டியிருக்கிறான். பழைய ஆட்கள் வருஷத்துக்கு நாலு பேராவது இப்படி வந்து மாட்டுவார்களாம்.

மூலை மேஜையில் உட்கார்ந்தோம். நாடு முழுக்க ஓடும் ரயில்களைக் கோடைக்கு ஒரு தரம், குளிருக்கு ஒரு தரம் மாற்றிப் போட்டவன். அவனா தப்பாகக் கூட்டுவான்?

"நெவில், தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீ ஏதோ சொல்லணும்னு இருக்கே. வீட்டுல நீ சொல்ல மாட்டே, நானும் கேக்க மாட்டேன். இங்கேர்ந்து எந்திரிச்சுப் போக முடியாதில்ல." குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "டைன்மத் வீடு. ஜூலையிலயே தெரியும். நீ குளிச்சிட்டிருந்தப்போ ஏஜெண்ட் போன் பண்ணான்."

"ரெண்டு மாசமாத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் ஓட்டலுக்கு மார்க் போட்டியா?"

"கடைசித் தடவையாச்சே. நல்ல ஓட்டலா இருக்கட்டும்னுதான்."

அந்த இடத்தில் எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். குறுக்க பேசறது மரியாதை இல்லையே."

"அந்தப் பாழாப்போன மரியாதைதான் என்னைத் துரத்துது!"

"அப்ப இப்ப சொல்றேன்! போகாதே! போகாதே லினெட்!"

கத்தினான். நெவில். பதினொரு பேரும் இரண்டு நாய்களும் இருந்த இடத்தில். சுவர்ப் பலகையில் சின்ன அம்பு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தவர் கையை இறக்கிவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே "மன்னிக்கணும்" என்றார். டோரீன் மட்டும் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் "போறேன், நெவில்" என்றேன்.

அவன் நேராகக் கேட்டான், நான் நேராகப் பதில் சொன்னேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. எங்களோடு அவன் அம்மா இருந்த ஐந்து வருஷம். என் பாட்டுக் குழு பாடியபோது ஒரு தடவைகூட அவன் வராதது. அவனுக்குப் பதவி உயர்வு வந்து லண்டனுக்குப் போகலாம் என்றபோது நான் "உன் இஷ்டம்" என்று சொல்லி அதைக் கொன்றது – அது இத்தனை நாள் அவனுக்குள் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. அவன் அழுதான். நான் அழவில்லை. சாலை திறந்துவிட்டது என்று டோரீன் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

வீட்டில் சத்தம் அதிகம். தட்டு யாருடையது, அலமாரி யாருடையது. பக்கத்து வீட்டார் எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

வீடு மாறினேன். பெட்டிகளை நெவில்தான் தூக்கி வந்தான். நாற்காலி மாடிப்படியில் திரும்பாது என்று நான் சொன்னேன், திரும்பும் என்றான். திரும்பியது.

அக்டோபர் 19, சனி

நெவில் போன் செய்தான். அடுத்த வாரம் ஸ்காட்லாந்துக் கடற்கரைக்குப் போகிறானாம், மூன்று நாள். அறை போட்டாயிற்று.

"இந்தக் குளிர்லயா? அக்டோபர்ல அங்க யாரு போவா?"

"நான் போவேன். உன்னை யாரும் கூப்பிடலையே. ஒத்தைக் கட்டில் அறைதான் போட்டிருக்கேன்."

மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பாட்டுக் குழு எப்படிப் போகிறது என்று விசாரித்தான், சொன்னேன். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

ரொம்ப நேரம் அழுதேன். இப்படி நேராகப் பேசும் இந்த ஆளோடு என்றால் இன்னும் முப்பத்தொரு வருஷம் இருந்திருப்பேன்.