பாதி போன பணமும் ஒரு சேவலும்

2013 மார்ச் 12, செவ்வாய்

பஞ்சாயத்து டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வந்து சேவலுக்குக் கம்பு போட்டேன். நாலு வருஷம் கழித்து என் பெண்டாட்டி தெரசா ஈஸ்டருக்கு வருகிறாள். சைப்ரஸ் நாட்டில் வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அடுப்படிக்கு வெள்ளையடித்துவிட்டேன். இந்தச் சேவலும் என்னைப் போலத்தான், அவளுக்காகவே உயிரோடு இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

தெரசா போனில் அழுதாள். அங்கே பேங்குகள் நொடித்துப்போச்சாம். கடன் கொடுக்கிற நாடுகள், ஜனங்கள் பேங்கில் போட்ட பணத்திலேயே ஒரு பங்கை வரியாகப் பிடிக்கச் சொல்கிறார்களாம். "பேங்கெல்லாம் பூட்டிட்டாங்க. டிக்கெட்டு எப்பிடிங்க எடுக்கறது?"

சம்பாதிப்பதற்கு வரி, சரி. சேர்த்து வைத்ததற்குமா?

மார்ச் 20

அவர்கள் சட்டசபை அந்த வரியைத் தள்ளிவிட்டதாம். ஆண்டவரே, நன்றி. பேங்க் மட்டும் திறக்கவில்லை.

மார்ச் 22

டீக்கடையில் இதைச் சொன்னது வினையாகிவிட்டது. "நம்மூரு பேங்குலயும் புடிப்பாங்களாங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "அது அவங்க நாட்டு வெவகாரங்க" என்று கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பிரபாகர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் நம்பவில்லை. போட்டிருந்ததை எடுத்து ரெண்டு ஆடு பிடித்துவிட்டாள். "ஆட்டுல எவன் வந்து வரி புடிப்பான்?"

மார்ச் 26

வேறு முடிவு வந்துவிட்டது. சின்னக் கணக்குகளைத் தொடமாட்டார்களாம். ரெண்டு பெரிய பேங்கில் லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தால்தான் வெட்டு. அப்பாடா என்றேன். "நம்ம பணம் அந்தம்மா கணக்குலதானங்க இருக்குது" என்றாள்.

தெரசா பேரில் கணக்கே கிடையாது. சம்பளத்தை அந்தம்மா கணக்கிலேயே விட்டு வைத்திருந்தாள். "ஊருக்கு அனுப்புனா உங்க அண்ணந்தம்பிங்க கைமாத்து கேப்பாங்க. மொத்தமா எடுத்தாந்து பென்னாகரத்துல மனை வாங்கலாங்க" என்பாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தம்மா நிலம் விற்ற பணமும் அதே கணக்கில். பெரிய மீனுக்கு விரித்த வலையில் எங்கள் கெண்டைக்குஞ்சும் மாட்டிக்கொண்டது.

மார்ச் 31, ஈஸ்டர்

"தெரசா வல்லீங்களா?" கோயிலில் பார்த்தவர்களெல்லாம் இதையே கேட்டார்கள். சேவலை அறுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வேறு சபை, அவர்களுக்கு ஈஸ்டர் மே ஐந்துதானாம். அதுவரை பார்க்கலாம்.

ஏப்ரல் 9

இதை யாரிடமும் சொல்ல முடியாது. நேற்று ஜெபம் பண்ணும்போது, எல்லாம் மொத்தமாகப் போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். ஒண்ணுமே இல்லேன்னா கெளம்பி வந்துடுவா இல்ல? ஆளு வந்தா போதாதா? — சே, நீயெல்லாம் ஒரு மனுசனா. அவள் நாலு வருஷம் உழைத்தது.

ஏப்ரல் 23

அங்கே கடைகளை மூடுகிறார்களாம். அவள் இருக்கிற தெருவில் வேலை பார்த்த பெண்களை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்புகிறார்களாம். வருத்தமாகத்தான் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சேவலுக்கு இன்று அரிசி.

மே 5, ஞாயிறு

அந்தம்மா நல்லவர். பேங்க் வெட்டியதுபோக மிச்சத்திலிருந்து தெரசாவின் பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டார். மீதியைத் தன் பென்ஷனிலிருந்து மாதாமாதம் தருகிறேன் என்றாராம்.

"நான் கெளம்பி வந்துட்டா அதை யாருங்க அனுப்பப் போறாங்க? இன்னும் ரெண்டு வருசம் இருந்து வாங்கிட்டே வந்துடறேங்க."

சரி என்றேன். முழுசும் போயிருந்தால் இந்நேரம் வந்திருப்பாள்.

சாயங்காலம் சேவலை அறுத்துக் குழம்பு வைத்தேன். தங்கம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்த பிறகும் சட்டி நிறைய இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு சேவல் ரொம்ப அதிகம்.