இரண்டாவது தந்தி

திருகோணமலை,
12.11.1986

அன்புள்ள தம்பி குணரத்தினத்துக்கு,

அண்ணன் சோமசேகரம் எழுதிக்கொள்வது. கதிரையில் இருந்துகொண்டு வாசி. அம்மா சாகவில்லை. உயிரோடு இருக்கிறா.

நீ நம்பமாட்டாய். நம்பாதபடி செய்தவன் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்த அன்று, கட்டாரில் தனியே இருந்து உடைந்துபோவாய் என்று பயந்து, "அப்பா சீரியஸ், வா" என்று தந்தி அடித்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். சாவு என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை. நீ அப்பாவுக்கென்று ஹோர்லிக்ஸ் போத்தலும் கம்பளிப் போர்வையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாய். அதற்குள் சாம்பலும் அள்ளி முடிந்துவிட்டது. வாசல் படலையில் நின்று நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

போன மாதம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. டொக்டர் சீரியஸ் என்றார். அவசரத்தில் அதையே உனக்குத் தந்தி அடித்தேன். இந்த முறை அது உண்மை, தம்பி. "உயிர் இருக்கிறது" என்று இரண்டு சொல் கூட்டியிருக்கலாம். எனக்குப் புத்தி வரவில்லை. மறுநாளே ஊரடங்கு, தபால் கந்தோரும் பூட்டு.

நேற்று உன் கடிதம் கிடைத்தது. தலை மழித்துவிட்டேன், அந்தியேட்டிக் கிரியையை இங்கேயே கடற்கரையில் செய்கிறேன், இரண்டாந்தரமும் வந்து சாம்பலைப் பார்க்க என்னால் ஏலாது என்று எழுதியிருந்தாய். உன் எழுத்தைக் கண்டதும் அம்மா வாசிக்கச் சொன்னா. தன் சாவுக்கு நீ அழுத கடிதம் அது என்று அவவுக்குத் தெரியாது. லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று எழுதியிருப்பதாக வாசித்தேன். மறுபடியும் பொய். இன்று காலை தன்னைப் படலைப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னா.

இதை உன் கொம்பனியில் வேலை செய்யும், லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் குறிஞ்சாக்கேணி அபூதாஹிரிடம் கொடுத்துவிடுகிறேன். இன்று வந்து அம்மாவோடு கதைத்துவிட்டுப் போனார். என்னை நம்ப வேண்டாம், அவரைக் கேள். கீழே கோணலாகக் கிடப்பது அம்மாவின் எழுத்து. வலக்கை இன்னும் சொல்வழி கேட்கிறது. ஆனால் அவ எழுதியிருப்பதைக் கேளாதே. டொக்டர் இன்னும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்.

கோணேசர் உன்னைக் கெதியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வந்தால் நான் நேற்று வாசித்தது பொய்யாகாது.

உன் அண்ணன்,
சோமசேகரம்

மகன், வழியிலை ஆமிச் செக்கிங் கூடிப்போச்சு. அவசரப்படாமல் ஆறுதலா வா. நான் இருப்பன்.
கனகம்மா